அடக்கம் அன்பாகுமா?

மாணவன் ஒருவனுடைய கையெழுத்து சீர் கெட்டிருந்தால், "கோழிக் கிறுக்கல்" என்று சிவப்பு மையால் ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த ஏட்டைப் புரட்டுவது ஆசிரியர் பலருக்குப் பழகிப்போன ஒன்று. அந்த ஒரு தொடரில் இரு குற்றங்கள் உள்ளன. மாணவனை இகழ்வது ஒன்று. கோழியை அறியாமலே அதனை இகழ்வது மற்றொன்று. கோழி மண்ணைக் கிளறுவதைக் கிறுக்கல் என்போர் அதனை ஒருநாளும் நின்று நோக்கியவர் அல்லர். காலால் கிளறும், பின்வாங்கும், தலையைச் சாய்த்து உற்றுப் பார்க்கும், அதன் பின்னரே கொத்தும். செய்த செயலைத் திரும்பிப் பார்க்கும் அப்பழக்கம் மனிதருள்ளும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

இந்த அறியாமை இகழ்ச்சியோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கோழியை விரும்பி வளர்ப்போரிடமும் அது வேரூன்றி நிற்பதுதான் வருந்தத்தக்கது. கோழியோடு நட்புக் கொள்ள ஆசைப்படும் சிறுவனுக்குப் பெரியோர் கூறும் அறிவுரை யாது? "துரத்திப் பிடி, இறக்கைகளைச் சேர்த்து அமுக்கு, மடியில் வைத்துத் தடவு, தானே பழகிவிடும்" என்பதே. சிறுவனும் அவ்வாறே செய்கிறான். சற்று நேரம் படபடத்த கோழி, பின்னர் அசையாமல் கிடக்கிறது. "பார், எவ்வளவு அன்பாக இருக்கிறது!" என வீட்டார் மகிழ்கின்றனர்.

அது அன்பன்று, அச்சம். ஜெர்மானியத் துறவியாகிய அதனாசியஸ் கிர்ச்சர், 1646இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு சோதனையை விவரித்தார். கோழியின் கால்களைக் கட்டித் தரையில் கிடத்தி, அதன் கண்முன்னே ஒரு கோடு கிழித்தால், கட்டை அவிழ்த்த பின்னும் அது எழாமல் கிடக்கும். கோட்டையே கயிறு எனக் கோழி கற்பனை செய்துகொள்வதாக அவர் எண்ணினார். கோடே தேவையில்லை, கையால் அழுத்திப் பிடித்தலே போதும் எனப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். பகைவிலங்கின் பிடியில் அகப்பட்ட பறவை, செத்ததுபோல் கிடந்து தப்புவதற்குரிய நொடியை எதிர்பார்க்கும் நிலை அது. அச்சம் மிகுமாயின் அந்த அசைவின்மையும் நீளும். மடியில் மரத்துக் கிடக்கும் கோழியைப் 'பழகிய கோழி' என்று பாராட்டுவோர், அதன் உயிரச்சத்தையே பாராட்டுகின்றனர்.

அங்ஙனமாயின், கோழியின் நம்பிக்கையைப் பெறுவது எவ்வாறு? அதன் வரலாறே விடை கூறும். வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. மலாய் மக்கள் 'ஆயாம் ஊத்தான்' என்றழைக்கும் அப்பறவையை மலேசியக் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் காணலாம். மனிதனின் காலடி ஓசை கேட்டதும் புதருள் மறையும் இயல்பினது அது. அத்தகைய பறவை முற்றத்துக்கு வந்தது எப்படி? 2022இல் வெளியான ஆய்வொன்று, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த, கி.மு. 1650 முதல் 1250 வரையிலான காலத்து எலும்புகளை வீட்டுக்கோழிக்குரிய மிகப் பழைய சான்றாகக் கொள்கிறது. மனிதன் விளைவித்த நெல்லும் சிறுதானியமுமே காட்டுக்கோழியை மரத்தினின்று இறக்கி அவன் அருகே அழைத்து வந்தன என்பது அவ்வாய்வாளர் கருத்து. முதல் நட்பு, கோழி தானே நடந்து வந்து தொடங்கிய நட்பு. இன்றும் அதற்கு வேறு வழியில்லை.

வானிலிருந்து பாயும் பருந்துக்கு ஒரு குரல், தரைவழி வரும் பகைக்கு வேறொரு குரல் என எச்சரிக்கையைப் பிரித்தெழுப்பும் பறவை கோழி. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்தின் சாயலே. ஆகவே, நின்றபடி அதன் முதுகின்மேல் கை நீட்டுபவன் எத்துணை அன்புடையவனாயினும் பருந்தாகவே தோன்றுவான். அவன் தரையில் அமர வேண்டும்; கையைத் தாழ்வாக நீட்ட வேண்டும். நாள்தோறும் ஒரே நேரம், "பா, பா" என்னும் ஒரே அழைப்பு, ஒரே கலம். முதல் நாள் நொய்யரிசியைச் சில அடி தொலைவில் இறைத்துவிட்டு வாளா அமர்ந்திருத்தல் வேண்டும். நாளுக்கு நாள் இடைவெளி குறையும். கையிலிருந்து கொத்தித் தின்னும் நாள் வந்துற்றாலும், உடனே பற்றிவிடலாகாது. மார்புப் பக்கம் விரலால் மெல்லத் தொடலாம். விலகினால் விட்டுவிட வேண்டும். விலகுவதற்குத் தனக்கு உரிமையுண்டு என்று அறிந்த கோழியே மீண்டும் வரும்.

கிளாந்தானில் உருவான 'செராமா' கோழி இதற்குக் கண்கண்ட சான்று. அரைக் கிலோவுக்கும் குறைவான எடையுடைய அச்சிறு கோழியைப் போட்டிகளில் மேசைமேல் நிறுத்துவர். சுற்றிலும் மனிதர் சூழ்ந்திருக்க, மார்பை நிமிர்த்தி அது உலாவ வேண்டும். அஞ்சி ஒடுங்கும் கோழிக்கு அங்கே மதிப்பில்லை. அடக்கி வளர்த்த கோழி அவ்வாறு நிமிர்ந்து நிற்குமா?

தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிலுக்கும் கைமாறிய பின், லயத்து வீட்டு முற்றத்தை இழந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், கோழியைப் பொரித்த துண்டாக மட்டுமே அறிவர். எனவே தமிழ்ப்பள்ளித் தோட்டத்தில் இரண்டு மூன்று கோழிகளேனும் இருத்தல் நன்று. கூட்டமாய் வாழும் பறவையாதலால் ஒற்றைக் கோழி கூடாது. இதற்கு மறுப்புரைப்போர் உளர். நோய் வரும் என்பர். 2004இல் கிளாந்தானில் பறவைக் காய்ச்சல் பரவியது உண்மையே. அதனால் ஊராட்சி விதியையும் கால்நடை மருத்துவரின் அறிவுரையையும் கேட்டு நடத்தல், தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், நோயுற்ற கோழியைப் பிள்ளைகள் அணுகாமல் காத்தல் ஆகியவை கட்டாயம். தூய்மையைக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் ஏது?

பாடத்திட்டத்துக்கே நேரமில்லை என்பர் வேறு சிலர். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசை உண்டென்பதை 1921இல் தம் ஆய்வேட்டில் நிறுவிய நார்வே அறிஞர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே, சிறுவனாயிருந்த காலத்திலேயே கோழிகளை உற்றுநோக்கத் தொடங்கியவர். அதனைக் கற்றுத் தந்தது எந்தப் பாடத்திட்டம்?

"நாளை குழம்பாகும் கோழிக்கு நட்பு எதற்கு?" என்னும் வினாவே கடினமானது. புலால் உண்பது அவரவர் வழக்கம். ஆயின், பிள்ளை பெயரிட்டு வளர்த்த கோழியை அவன் பள்ளியிலிருக்கும்போது அறுத்துவிட்டு, "ஓடிப்போயிற்று" என்று பொய்யுரைப்பது கொடுமை. அன்று கோழியின் உயிரோடு பெற்றோர்மீது பிள்ளை கொண்ட நம்பிக்கையும் போகிறது. நட்புக்குரிய கோழி இது, உணவுக்குரியது அது என்பதை முதல் நாளே உண்மையாகக் கூறிவிடுதல் பெரியோர் கடன்.

இவ்வளவும் கோழிக்கு மட்டும் உரியதா? ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரம்பைக் கண்டதும் ஓசையடங்கும் வகுப்பைக் 'கட்டுப்பாடுள்ள வகுப்பு' எனப் புகழ்வோர், மடியில் மரத்த கோழியைக் கண்டு மகிழும் வீட்டாரினின்று எவ்வகையில் வேறுபட்டவர்? வினாக் கேட்க அஞ்சி வாய் மூடியிருக்கும் மாணவன், ஆசிரியரை நம்பியவன் அல்லன், மணியோசைக்குக் காத்திருப்பவன்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்னும் பழமொழியைப் பிரம்புக்கு அரணாக எடுத்துக்காட்டுவோர் இன்றும் உளர். தாய்க்கோழி இறக்கையை விரித்துக் காத்திருக்கும்; குஞ்சு தானே வந்து புகும். அதனைத் துரத்திப் பிடித்து உள்ளே திணிக்கும் தாய்க்கோழியை எவரேனும் கண்டதுண்டா? பழமொழியைச் சொல்ல விரும்புவோர், முதலில் அந்தக் கோழியைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.