ஐம்பது ஆண்டுத் தண்டனை

கால்பந்தாட்டத்தில் நாம் வல்லுநர் அல்லோம். பங்குத் திருவிழாவையொட்டி இளைஞர்கள் ஆடும்போது, ஓரத்தில் நின்று கைதட்டுவதோடு நம் ஞானம் முடிந்துவிடும். ஆயினும், பிரேசில் நாட்டுக் கோல் காவலர் ஒருவரின் வரலாறு சில நாட்களாக நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. அதை இம்மாதம் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மோவாசிர் பார்போசா என்பது அவர் பெயர். 1921 மார்ச் 27 அன்று சான் பவுலோ மாநிலத்துக் கம்பினாஸ் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். 1945-ல் ரியோ தெ ஜெனெய்ரோ நகரின் வாஸ்கோ த காமா கழகத்தில் சேர்ந்தார். இக்கழகத்தைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். 1924-ல், கறுப்பரும் ஏழைத் தொழிலாளருமான தன் ஆட்டக்காரர் பன்னிருவரை விலக்கினாலன்றித் தங்கள் சங்கத்தில் இடமில்லை என்று ஏனைய பெருங்கழகங்கள் நிபந்தனை விதித்தபோது, எங்கள் பிள்ளைகளைக் கைவிடோம், உங்கள் சங்கமே வேண்டாம் என்று கடிதம் எழுதி விலகி நின்ற கழகம் அது. கடிதத்தின் தேதி 1924 ஏப்ரல் 7.

அக்கழகத்தின் கோலைப் பார்போசா கையுறையும் அணியாமல் வெறுங்கையால் காத்தார். ரியோ மாநில வாகையர் பட்டம் பலமுறை கிட்டியது. 1948-ல் சிலி நாட்டுச் சாந்தியாகோவில் தென் அமெரிக்கக் கழகங்களின் வாகையர் போட்டியிலும், 1949-ல் நாட்டு அணிகளுக்கான தென் அமெரிக்கப் போட்டியிலும் அவர் வெற்றி கண்டார். அக்காலத்தில் அந்நாட்டின் தலைசிறந்த கோல் காவலர் அவரே என்பதில் ஐயமில்லை.

பின்னர் வந்தது 1950. உலகக் கோப்பைக்காகவே ரியோவில் மரக்கானா என்னும் மாபெரும் அரங்கத்தை எழுப்பியிருந்தார்கள். இறுதிச் சுற்றில் நான்கு நாடுகள். பிரேசில், சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வீழ்த்திவிட்டது. ஜூலை 16-ல் உருகுவேயுடன் கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே கோப்பை பிரேசிலுக்கு. ஆட்டம் தொடங்குமுன்னரே இவர்களே உலக வாகையர் என்று ஒரு நாளேடு படத்துடன் அச்சிட்டுவிட்டது! நகரத் தலைவரும் வெற்றி பெற்றவர்களாகவே அவர்களை வாழ்த்திப் பேசினார். சீட்டு வாங்கி நுழைந்தோர் மட்டும் 1,73,850 பேர். உண்மையில் இரண்டு இலட்சத்தை நெருங்கியிருக்கும் என்பர்.

இடைவேளைக்குப் பின் முதலில் பிரேசில் ஒரு கோல் போட்டது. 66-ஆம் நிமிடத்தில், உருகுவேயின் கிஜ்ஜியா வலப்புறம் ஓடிவந்து பந்தை நடுவே தள்ள, ஸ்கியாபினோ அதைக் கோலாக்கிச் சமன் செய்தார். 79-ஆம் நிமிடத்தில் மீண்டும் அதே கிஜ்ஜியா, அதே வலப்புறம். முன்போலவே பந்தை நடுவே தள்ளுவார் என்று கணித்த பார்போசா, ஓரடி முன்னகர்ந்தார். கிஜ்ஜியாவோ, கம்பத்துக்கும் காவலருக்கும் இடையிலிருந்த சிறு சந்தில் நேராக உதைத்துவிட்டார். பார்போசா பாய்ந்தார், விரல் பட்டது போலவும் இருந்தது. பந்து வெளியே போய்விட்டதென்றே எண்ணினாராம். அரங்கம் முழுவதும் பேச்சு மூச்சற்றுப் போனதைக் கேட்ட பிறகே, மெல்லத் திரும்பி வலைக்குள் கிடந்த பந்தைக் கண்டார்.

அவர் கணிப்பில் தவறு என்ன? பதின்மூன்று நிமிடத்துக்கு முன் நடந்ததைக் கண்ட எந்தக் காவலரும் அப்படித்தான் நினைத்திருப்பார். மேலும், முன்னே நின்றவர்கள் ஒரே ஆளை ஒரே வழியில் இருமுறை ஓடவிட்டார்களே, கடைசியில் நின்றவர் மட்டுமா குற்றவாளி? ஆனால் அழுத நாட்டுக்கு ஆள் ஒருவர் தேவைப்பட்டார். பழி, பார்போசா, பிகோடே, ஜுவெனால் என்னும் மூவர் மேல் விழுந்தது. மூவரும் கறுப்பினத்தவர். அடிமை முறை 1888-ல்தான் அந்நாட்டில் ஒழிந்தது என்பதை நினைத்தால் நமக்கு இது வியப்பளிக்கவில்லை; வருத்தமளிக்கிறது. ரியோ மாநகர் மீது மீட்பராம் இயேசுவின் திருச்சிலை கைவிரித்து நிற்கிறதே, அந்நகரில்தான் இதுவும் நடந்தது.

அன்றிரவு நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். வென்ற அணியின் தலைவர் ஒப்துலியோ வரேலா, கொண்டாட்டத்தை விடுத்து ரியோவின் மதுக்கடைகளுக்குச் சென்று, அழுதுகொண்டிருந்த பிரேசில் மக்களோடு அமர்ந்து குடித்தார். அவர்கள் துயரத்தைக் கண்டு வென்றதற்கே மனம் நொந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். எதிரிக்கு இருந்த இரக்கம் சொந்த நாட்டாருக்கு இல்லாமற்போயிற்று.

பார்போசா சோர்ந்துவிடவில்லை. வாஸ்கோவுக்காக 1950-லும் 1952-லும் ரியோ பட்டத்தை வென்றார். 1953-ல் கால் முறிந்தது. அடுத்த உலகக் கோப்பைக்குச் செல்ல வழியில்லை. 1962-ல், தம் 41-ஆம் வயதில், ஓய்வு பெற்றார். பின்பு பிழைப்புக்காக வேலை பார்த்ததும் அந்த மரக்கானா வளாகத்திலேயே என்றால், அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஒருநாள் கடையொன்றில் ஒரு தாய், தன் சிறுமகனிடம் இவரைச் சுட்டிக்காட்டி, பிரேசில் முழுவதையும் அழவைத்த மனிதர் இவர்தான் என்றாளாம். ஆட்டம் நடந்து இருபதாண்டுகள் ஆகியிருந்தன. அச்சிறுவன் அப்போது பிறக்கவுமில்லை.

பழைய ஏற்பாட்டில் இஸ்ராயேல் மக்கள் தங்கள் பாவங்களை ஒரு வெள்ளாட்டின் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிட்டதை லேவியராகமத்தில் வாசிக்கிறோம். அந்த ஆடாவது கண்காணாத இடத்துக்குப் போய்விட்டது. பார்போசா அதே ஊரில், அதே முகங்களுக்கு நடுவே வாழவேண்டியிருந்தது. நம் இல்லங்களிலும் இவ்வகை ஆடுகள் இல்லையா? வியாபாரத்தில் நட்டப்பட்ட தம்பி, தேர்வில் தவறிய மகன், நிச்சயித்த திருமணம் நின்றுபோன மகள். பல காரணங்களால் நிகழ்ந்த ஒன்றை ஒருவர் தலையில் கட்டி, விருந்துக்கு விருந்து, உறவினர் கூடும் போதெல்லாம் அதையே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டவர் ஒரு நிமிடத்தில் மன்னித்துவிடுவதை, நாம் சமையற்கட்டில் முப்பது வருடம் மன்னிப்பதில்லை.

1993-ல் நாட்டு அணியின் பயிற்சி முகாமைக் காணப் பார்போசா சென்றார். ஆட்டக்காரர்களுக்கு அபசகுனம் என்றஞ்சி அவரை உள்ளே விடவில்லை. அப்போது அவருக்கு வயது 72. பிரேசில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே முப்பது ஆண்டுதான், நானோ செய்யாத குற்றத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று கடைசி நாட்களில் அவர் சொல்லி வந்தார். மனைவியை இழந்தபின் ப்ரையா கிராந்தே என்னும் கடற்கரை ஊரில் தங்கினார். உறவல்லாத ஒரு பெண்மணி அவரை மகளைப் போல் பார்த்துக்கொண்டார். 2000 ஏப்ரல் 7 அன்று அங்கேயே இறந்தார்.

கறுப்பினத்தவர் ஒருவர் உலகக் கோப்பையில் மீண்டும் பிரேசிலின் முதன்மைக் கோல் காவலராக நின்றது 2006-ல், அவர் டிடா. 2014 ஜூலை 8 அன்று, சொந்த நாட்டிலேயே ஜெர்மனியிடம் 1-7 என்று பிரேசில் தோற்றது. இனிப் பார்போசாவைக் குற்றம் சொல்ல முடியாது என்று அன்றுதான் பலர் பேசவும் எழுதவும் தொடங்கினார்கள். அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.