சங்கிலி வாங்குறதுக்கு முதல்

ஷெப்பர்ட் குட்டி ஒன்று எடுக்கப்போகிறோம் என்று சொன்னால் எங்கட ஊரில் அடுத்து வருகிற கேள்வி, "கூடு அடிச்சாச்சோ?" என்பதுதான். பிறகு சங்கிலி. பிறகு கேற்றில் தொங்கவிட "கடிநாய் கவனம்" பலகை. வரப்போகிற குட்டிக்கு 8 வாரம்தான் ஆகியிருக்கும். நிறை 7 கிலோ இருந்தாலே பெரிய விசயம். நடக்கும்போது தன்ர காலிலேயே தடக்கி விழும். அதுக்குத்தான் இரும்பில இவ்வளவு ஆயத்தம்.

எங்கள் குழுவுக்குள் நாய் வளர்ப்பைப் பற்றி ஒரே கருத்து இல்லை. ஊர்க்குட்டிகள் றோட்டில் கிடக்கும்போது காசு குடுத்து இன நாய் வாங்குறதே பிழை என்கிறவர்களும் இருக்கிறோம், ரொட்வைலர் படத்தை போன் திரையில் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறோம். ஆனால் ஒரு விசயத்தில் எல்லாரும் ஒத்துப்போனோம். குட்டி வர முதல் வீட்டுக்காரர் வாங்குற சாமான்களைப் பார்த்தாலே அந்த நாய் எப்படி வாழப்போகுது என்று தெரிந்துவிடும். கூட்டையும் சங்கிலியையும் மட்டும் வாங்கி வைக்கிற வீட்டுக்கு ஒரு பூட்டுத்தான் தேவை. அதுக்குக் கடையில நல்ல பூட்டே வாங்கலாம், அது சாப்பாடும் கேட்காது.

சரி, என்னதான் வேணும்? முதலில் சாப்பாடு. அந்த 7 கிலோக் குட்டி ஒன்றரை வருசத்துக்குள் 30 தொடக்கம் 40 கிலோ நாயாகிவிடும். ரொட்வைலர் ஆண் என்றால் 50ஐயும் தாண்டும். இவ்வளவு வேகமாக வளருகிற எலும்புக்குத்தான் ஆபத்தும் கூட. எங்கட ஆக்கள் செய்கிற நன்மை என்னவென்றால், பாமசியில் கல்சியம் வாங்கி ஊத்துறது, முட்டைக் கோதை இடிச்சுப் போடுறது, பால்மா கரைச்சு வைக்கிறது. "பெரிய நாய் எல்லே, எலும்பு வைக்கட்டும்" என்று அதுக்கொரு விளக்கமும் இருக்கும். ஆனால் சின்ன வயதுக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கல்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. வந்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கல்சியம் குடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் எலும்பும் மூட்டும் ஒழுங்காக வளரவில்லை. மறுபக்கம், வெறும் சோறும் இறைச்சியும் மட்டும் குடுத்தால் கல்சியம் போதாமல் போகும், அதிலும் கால் வளையும். அதனால்தான் பெரிய இனக் குட்டிகளுக்கென்று தனியாகச் சாப்பாடு விற்கிறார்கள். அதில் அளவு பார்த்துச் சேர்த்திருக்கும், மேலே ஒன்றும் ஊத்தத் தேவையில்லை.

விலைதான் பிரச்சினை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறின நேரம் இறக்குமதிச் சாப்பாட்டுப் பை எங்கே போனது என்று நாய் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கோ. வாங்க ஏலாது என்றால் வீட்டிலேயே சமைக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் எதை எவ்வளவு போடுறது என்று மிருக வைத்தியரிடம் ஒருக்கா எழுதி வாங்குங்கோ. கொழுகொழு என்று இருக்க வேணும் என்ற ஆசையையும் விடுங்கோ. கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேணும். மிஞ்சின கறிச்சோறு வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். முந்திரிகைப் பந்தல் உள்ள வளவு என்றால் கீழே விழுகிற பழத்தைக் கூட்டி அள்ளுங்கோ, அதுவும் பாயாசத்தில் போடுற பிளம்ஸும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக் கூடியவை. காய்ச்சல் என்று பனடோலை உடைச்சுக் குடுக்கவே குடாதேங்கோ.

அடுத்தது நிலம். இதை ஒருத்தரும் சாமானாக நினைக்கிறதில்லை. வெளிநாட்டுக் காசில் கட்டின வீடுகளில் கண்ணாடி மாதிரி ரைல்ஸ். பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டு பரம்பரையாகவே பலவீனமாக வளரலாம். அப்படியான குட்டி நாள் முழுக்க வழுக்கி வழுக்கி ஓடினால் அந்த மூட்டு என்னவாகும்? தும்புக் கால்மிதி, பழைய சாக்கு, ரப்பர் பாய் எதையாவது அது ஓடுற வழியில் விரிச்சால் போதும். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி ஓடவிடுறதை "ரெயினிங்" என்று சொல்லுறவையும் இருக்கினம். வளருகிற குட்டிக்கு அது ரெயினிங் இல்லை, கொடுமை.

கொப்பி ஒன்றும் வேணும், தடுப்பூசிக் கொப்பி. 6 தொடக்கம் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில், 16 வாரம் வரைக்கும் ஊசி போகும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். முதல் நாய் அந்த நோயில் செத்த வளவென்றால் புதுக்குட்டியை உடனே அங்கே இறக்காதேங்கோ. எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போடுவியுங்கோ, அது எங்களுக்கும் தொத்துற வருத்தம். விசர்நாய்க்கடி ஊசியை அரசாங்கமே இலவசமாகப் போடுது. பிறகென்ன சாட்டு?

ஊசி முடியும்வரை றோட்டில் இறக்கக் கூடாது என்றதும் சிலர் குட்டியை மூன்று மாதம் கூட்டுக்குள்ளேயே வைத்துவிடுகினம். இதுதான் எங்களுக்கு ஆகவும் கோபம் வாற இடம். 3 வாரத்தில் இருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை குட்டி உலகத்தைப் படிக்கிற காலம். அந்த நேரம் தூக்கிக்கொண்டு திரியலாம். சைக்கிள் மணி, கோயில் மேளம், பால்காரர், சின்னப்பிள்ளைகள், பர்தா போட்ட அக்கா, ஹெல்மெற் போட்ட அண்ணா எல்லாரையும் பார்க்கட்டும். "ஆக்களோட பழகவிட்டா காவல் காக்காது" என்று சொல்லுவினம். நாங்கள் இதை ஏற்றுக்கொள்ள மாட்டோம். ஆக்களையே காணாமல் வளர்ந்த நாய் பயத்தில் கடிக்கும். அதுக்குக் கள்ளனும் ஒன்றுதான், ரியூசனுக்கு வாற பிள்ளையும் ஒன்றுதான். 40 கிலோ நாய் பயந்தால் அது சின்ன விசயம் இல்லை. பிறகு அந்த நாயைத்தான் இரவோடிரவாக வேற ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு வருகினம்.

மற்றச் சாமான்கள் பெரிய செலவில்லை. இழுத்துக் கூட்டிக் குறைக்கக்கூடிய கழுத்துப்பட்டி ஒன்று, கூட்டிக்கொண்டு போகக் கயிறு ஒன்று. பட்டிக்குள் இரண்டு விரல் போகவேணும், கிழமைக்கு ஒருக்காப் பாருங்கோ. மறந்துபோய் விட்டால் கழுத்து பருக்கப் பருக்கப் பட்டி தோலுக்குள் வெட்டிவிடும். தட்டிக் கொட்டாத பாரமான தண்ணிச்சட்டி, கடிக்கிறதுக்கு ரப்பர்ச் சாமான் ஏதாவது (செருப்புகளை எப்படியும் மேலே எடுத்து வைக்கத்தான் வேணும்). கூடு அடிக்கிறதென்றால் தகரம் வேண்டாம், மத்தியான வெயிலுக்கு அது அடுப்பு. கிடுகு போடுங்கோ, மரநிழலில் வையுங்கோ, கதவைத் திறந்து விடுங்கோ.

கடையில் கிடைக்காத சாமான் ஒன்றும் இருக்குது. பெரிய இன நாய் ஏறக்குறைய 10 வருசம் வாழும். இதை வாசிக்கிற உங்களுக்கு 18, 19 வயது என்றால், அந்த 10 வருசத்துக்குள் ஏஎல், கம்பஸ், வேலை, கனபேருக்கு விசா. கயிற்றைப் பிடிக்கப் போறது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் நோ. அவவால் 40 கிலோவை இழுத்துப் பிடிக்க ஏலாது, அதனால் சங்கிலியில் கட்டுவா. அவவில் பிழை சொல்ல ஏலாது. குட்டி எடுக்க முதல் வீட்டில் எல்லாரும் இருந்து கதைத்து, நான் இல்லாத நேரம் இன்னார் பார்ப்பார் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால், ஷெப்பர்ட்டை விட்டுவிட்டு அம்மாவால் பிடிக்கக்கூடிய சின்ன ஊர்க்குட்டி ஒன்றை எடுங்கோ.

பெயர் சொல்ல முடிந்தால், எடுக்கிறதுக்கு இரண்டு நாள் முன்னம் உங்கட பழைய சேர்ட் ஒன்றைக் கொண்டுபோய் தாய்நாய் படுக்கிற இடத்தில் போட்டுவிட்டு வாங்கோ. குட்டியோடு சேர்த்து அதையும் கொண்டு வாங்கோ. முதல் இரவு குட்டி அழும், அயல் எழும்பும். ஒருத்தர் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுங்கோ. மூன்று, நாலு நாளில் அடங்கிவிடும்.