மண்கலவைப் பைகளின் தரமும் மாடித்தோட்டச் செடி நோய்களும்: எங்கள் நிலைப்பாடு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் மொட்டைமாடியில் செடி வளர்ப்பவர்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கும் நேரத்தில் எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடையில் விற்கும் ஒவ்வொரு மண்கலவைப் பையின் மேலும் அதன் உப்பளவும் மக்கிய அளவும் அச்சாக வேண்டும். அது நடக்கும்வரை, செடி வாடிய உடனே பூஞ்சைக்கொல்லியை எடுத்து நீட்டும் ஆலோசனையை நாங்கள் ஏற்க மாட்டோம்.

இந்தப் பைகளில் சேரும் தென்னை நார்க்கழிவுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரிமம் சேர்ந்து கிடக்கும் சதுப்பு நிலத்தை வெட்டித்தான் மேலைநாடுகளில் தொட்டிச் செடிக்கான பீட் எடுக்கிறார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அதை விற்பதை நிறுத்தப்போவதாக இங்கிலாந்து அரசு 2022இல் அறிவித்தது. அவர்கள் மாற்றாகத் தேடும் பொருள்களில் முக்கியமானது பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் கிடந்த இதே நார்க்கழிவு. நமக்கும் இது நல்லதே: மாடியில் பாரம் குறைவு, ஏரி மண்ணையும் செம்மண்ணையும் லாரியில் அள்ளிவர வேண்டியதில்லை. பழைய வழிக்குத் திரும்புவோம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். சங்கம் அதை ஏற்கவில்லை.

சிக்கல் பைக்குள் இருக்கிறது. நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். உப்புநீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்தால் இன்னும் அதிகம். ஏற்றுமதிக்குப் போகும் உயர்ரகச் சரக்கை நல்ல நீரில் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அனுப்புகிறார்கள். இங்கே கடையில் கிடைக்கும் கட்டி கழுவியதா இல்லையா என்பது பெரும்பாலும் உறையைப் பார்த்துத் தெரியாது. அதன்மேல் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து உவர்ப்பான போர் தண்ணீரையும் ஊற்றினால் இலை ஓரம் கருகும். அது நோயல்ல, உப்பு.

மக்காத நார்க்கழிவு செய்வது வேறு வேலை. அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போட்ட தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, கத்தரி நாற்று வெளிறி நின்றுவிடுகிறது. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு இந்த விகிதத்தை 24க்கு ஒன்று என்ற அளவுக்கு இறக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. ஆக, வழி தெரியாத குறை இல்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாத குறைதான்.

உண்மையான நோயும் உண்டு. ஐப்பசி மழையில் பை ஊறிக் கிடந்தால் பித்தியம் என்ற நோய்க்கிருமி நாற்றின் கழுத்தை அழுகவைக்கும். வேர்முடிச்சு நூற்புழு பெரும்பாலும் கலவையில் சேர்த்த செம்மண்ணோடோ, வாங்கிய நாற்றின் வேரோடோ வரும். உரக்குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடேறி, புரட்டிவிடப்பட்டிருந்தால் இவற்றில் பல மடிந்துவிடும்; அரைகுறையாக மக்கியதில் அந்த உத்தரவாதம் கிடையாது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித்தோட்டத் தளையில் நார்க்கட்டியோடு, வேர் நோய்களைத் தடுக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடியும் இருந்தது நல்ல யோசனை. ஆனால் உப்பில் கருகிய வேரை ட்ரைக்கோடெர்மா காப்பாற்றாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கும் மண்புழு உரத்துக்கும் அளவுகோல் வைத்திருக்கிறது. நகரக் கழிவு உரத்தில் கரிம–தழைச்சத்து விகிதம் 20க்குள், உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸுக்குள், ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மண்கலவை என்று பெயர் போட்டு விற்றால் இந்த அளவுகோல் எதுவும் அதைத் தொடுவதில்லை. இன்னொன்று, அந்த 4 என்பது வயலில் தூவிக் கலக்கும் எருவுக்கான வரம்பு. நாற்று முழுக்க முழுக்க அதற்குள்ளேயே நிற்கும் பைக்கு அது மிக அதிகம். செடி வளர்ப்பு ஊடகத்துக்குத் தனி அட்டவணை வேண்டும், அதில் உப்பு வரம்பு 1க்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. எடைக்கு விற்பதையும் நிறுத்த வேண்டும். ஈரமாக்கிய நார்க்கழிவைக் கிலோ கணக்கில் விற்றால் நாம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். லிட்டர் கணக்கே நியாயம். தயாரித்த மாதம், மூலப்பொருள், கழுவியதா என்ற விவரம் ஆகியவையும் உறையில் இருக்கட்டும். மாநகராட்சி தன் மையங்களில் தயாரிக்கும் உரத்தின் ஆய்வு முடிவையும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டலாம்.

அதுவரை உறுப்பினர்களுக்கு நாங்கள் சொல்வது இது. ஆர்.ஓ. இயந்திரம் பார்க்க வருபவர் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனா போதும். ஒரு பங்கு கலவையை ஐந்து பங்கு ஆர்.ஓ. நீரில் கலக்கி, அரைமணி கழித்து வடிகட்டிப் பாருங்கள். பேனா 500க்கு மேல் காட்டினால், கழுவாமல் நாற்று நடாதீர்கள். அதே கலவையில் ஒரு பிடி பச்சைப்பயறும் ஊன்றுங்கள். பயறே முளைக்கத் தடுமாறும் இடத்தில் தக்காளி நாற்றை நட்டுவிட்டு நோயைத் தேட வேண்டாம்.

எங்களுக்குள் இன்னொரு விஷயத்திலும் கருத்து ஒன்றுபடவில்லை. கட்டாய ஆய்வு வந்தால் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் போன்ற சிறு தயாரிப்பாளர்கள் செலவு தாங்காமல் ஒதுங்கிவிடுவார்கள் என்பது நியாயமான அச்சம். அதற்காக அவர்களுக்கு விதிவிலக்கு கேட்க மாட்டோம். அவர்களுடைய மாதிரிகளை வேளாண் துறையின் ஆய்வகங்கள் கட்டணமின்றிச் சோதித்துத் தர வேண்டும் என்று கேட்பதென வாக்கெடுப்பில் முடிவானது.