“ஒண்ணும் ஆகாது சார்” என்பது விடை ஆகாது



கொஞ்சம் நீளமான பதிவு. பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் உங்கள் வீட்டுப் பையனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கொஞ்ச நாளாக நீங்கள் போடும் வண்டிப் படங்களைப் பார்த்து வருகிறேன். ஹைலக்ஸ், வி-கிராஸ் என்று நல்ல வண்டிகள்தான். உழைத்து வாங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் வாங்கி மூன்று மாதம் ஆவதற்குள் கம்பெனி வீலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, மட்கார்டுக்கு வெளியே மூன்று விரல் நீட்டிக்கொண்டு நிற்கிற அகல ரிம்மும் அதற்கு மேல் ஒரு பெரிய டயரும் மாட்டிவிடுகிறீர்கள். படத்துக்குக் கீழே “மாஸ்”, “வெறித்தனம்”, நூறு லைக். “தம்பி, ஆஃப்செட் எவ்வளவு?” என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். “ஒண்ணும் ஆகாது சார், கடைக்காரர் பார்த்துத்தான் போட்டார்” என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். சக்கரத்தை உடலுக்கு வெளியே தள்ளி மாட்டுவது அழகு அல்ல, தவறு. வண்டிக்கும் கேடு, ரோட்டில் போகிறவனுக்கும் கேடு. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இதில் வருவது கூட்டல், கழித்தல், பெருக்கல், சதவீதம் மட்டும்தான். உங்களுக்கு நான் நடத்திய கணக்குத்தான்.

முதலில் ஆஃப்செட் என்றால் என்ன என்று பார்ப்போம். ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இழுங்கள். ரிம் போய் ஹப்பில் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். அந்த முகம் வெளிப்பக்கமாக இருந்தால் பிளஸ். சக்கரம் வண்டிக்குள் அடங்கி நிற்கும். உள்பக்கமாக இருந்தால் மைனஸ்; சக்கரம் வெளியே வந்துவிடும். ரிம்மில் இ.டி. என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அதுதான் இது.

கம்பெனி வீல் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் +30 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 9 அங்குல அகலத்தில் −10 ஆஃப்செட் ரிம் மாட்டுகிறார். +30-லிருந்து −10 வரை 40 மி.மீ. மாற்றம். அகலத்தில் கூடியது 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ. அதில் பாதி, 19, வெளிப்பக்கம் வரும். 40-ம் 19-ம் 59. ஆக ரிம்மின் விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 59 மி.மீ. வெளியே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 118. இடது சக்கரத்தின் நடுவுக்கும் வலது சக்கரத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் 80 மி.மீ. கூடிவிட்டது.

“அகலமாக நின்றால் வண்டி கவிழாது, நல்லதுதானே சார்” என்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைக் கேளுங்கள்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதும் ஒன்றா? குடத்தின் எடை மாறவில்லை, ஆனால் தோள் கழன்றுவிடும். சக்கரத்தை 40 மி.மீ. வெளியே தள்ளினால் வீல் பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் அதே கதிதான். வண்டியின் எடையும் குழியில் விழும் அடியும் பேரிங்குக்கு நேராக இறங்கும்படி கம்பெனி அமைத்திருக்கிறது. நீங்கள் அதை நீட்டிய கையில் தொங்க விடுகிறீர்கள். பேரிங் அன்றைக்கே போகாது. மெதுவாகத் தேய்ந்து, ஒருநாள் ஊளையிட ஆரம்பிக்கும். அப்போது “கம்பெனி பேரிங் சரியில்லை” என்பீர்கள்.

ஸ்டீயரிங் விஷயம் இதைவிட முக்கியம். முன்சக்கரம் திரும்பும்போது சற்றுச் சாய்ந்த ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் சிறியதாக இருக்கும்படி பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆஃப்செட்டை 40 குறைத்தால் அந்தத் தூரம் அப்படியே 40 கூடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் மணலிலும் மறுபக்கம் தாரிலும் நிற்கும்போது பிரேக் அடித்தாலோ, ஸ்டீயரிங் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். நம் ஊர்ச் சாலையில் இந்த இரண்டும் நடக்காத நாள் உண்டா?

அடுத்தது டயர் அளவு. ஹைலக்ஸில் வருவது 265/60 ஆர் 18. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 265-ல் 60 சதவீதம் 159. மேலும் கீழும் சேர்த்து 318. 18 அங்குலம் 457 மி.மீ. மொத்த விட்டம் 775 மி.மீ.

இதைக் கழற்றிவிட்டு 285/65 ஆர் 18 போடுகிறார்கள். அதே கணக்கைப் போட்டால் விட்டம் 828 வரும். 53 மி.மீ. கூடுதல், ஏறக்குறைய 7 சதவீதம். வண்டியின் தரை இடைவெளி எவ்வளவு கூடும்? விட்டத்தில் கூடியதில் பாதிதான், 26 மி.மீ. ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்துக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?

மீட்டர் 80 காட்டும்போது பழைய டயரில் போனதைவிட 7 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். கம்பெனி மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி வைப்பது வழக்கம். அந்தப் பாதுகாப்பைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது. கிலோமீட்டர் எண்ணிக்கையும் குறைத்தே காட்டும். ஆயில் மாற்ற வேண்டிய நாள் உங்களுக்குத் தெரியாமல் தள்ளிப்போகும். விட்டம் கூடிய அளவுக்கு ஒவ்வொரு கியரும் உயர்ந்துபோவதால் மேடு ஏற இழுக்காது. அதே தூரத்தில் நிறுத்த பிரேக் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டும். டயரும் ரிம்மும் எடை கூடியவை என்பதால் அந்தச் சுமை வேறு. லோடு ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி வரும்போது இந்த 7 சதவீதம் ஒவ்வொரு வளைவிலும் வந்து நிற்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கை உரசும். “கொஞ்சம் வெட்டிவிட்டால் சரியாகிவிடும்” என்று கடையில் சொல்வார்கள். எண்ணைப் பார்த்து வாங்கியிருந்தால் வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

இன்னொரு எண்ணை யாருமே பார்ப்பதில்லை. டயர் அளவுக்குப் பக்கத்தில் 110 எச் என்பதுபோல் எழுதியிருக்கும். 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ தாங்கும். 112 என்றால் 1120 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர்வரை தாங்கும் தரம். பிக்கப் என்பது சுமை வண்டி. பின்னால் உரமூட்டையோ தேங்காயோ ஏற்றத்தான் அந்தத் தொட்டி. கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த சுமை எண் உள்ள டயரை, முரட்டுப் பட்டை இருக்கிறது என்பதற்காக மாட்டினால், அது பார்க்கத்தான் பலசாலி. அந்தச் சேற்று டயர் ஈரத் தார் ரோட்டில் நிற்பதும் தாமதம்தான். பட்டைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பதால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு.

“வெளிநாட்டில் எல்லாரும் போடுகிறார்களே” என்று ஒரு வாதம். சரி, பிக்கப் வண்டிக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே வண்டி மாற்றங்களுக்கென்றே ஒரு தேசிய நடைமுறைக் கையேடு இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்குக் கம்பெனி சொன்ன டயரைவிட விட்டம் 50 மி.மீ.க்கு மேல் கூடக் கூடாது. சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் 50 மி.மீ.க்கு மேல் கூடக் கூடாது. டயர் உடலுக்கு வெளியே நீட்டவும் கூடாது. நம் எடுத்துக்காட்டில் விட்டம் 53, அகலம் 80, நீட்டல் மூன்று விரல். மூன்று கேள்வியிலும் ஃபெயில். அகலச் சாலையும் ஆளில்லாப் பாலைவனமும் உள்ள நாட்டிலேயே இந்த அளவு என்றால், பஸ்ஸும் மாடும் சைக்கிளும் ஒன்றாகப் போகிற நம் ரோட்டுக்கு எந்த அளவு?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52, கம்பெனி முதலில் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இந்த மாற்றத்தைத்தான்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மட்கார்டு எதற்கு இருக்கிறது என்று யோசியுங்கள். டயர் வாரி அடிக்கும் கல்லையும் சேற்றையும் தடுக்க. டயர் அதற்கு வெளியே நின்றால் கல் யார் மேல் போகும்? பின்னால் பைக்கில் வருகிறவன் முகத்தில். ஓரமாக நடந்துபோகும் பள்ளிக்கூடப் பிள்ளை சட்டையில். கண்ணாடியில் உங்களுக்குத் தெரிவது வண்டியின் உடல். தெரியாமல் வெளியே சுழல்வது டயர். குறுகலான தெருவில் சைக்கிள்காரனை “உரசாமல் தாண்டிவிட்டேன்” என்று நீங்கள் நினைக்கும் இடைவெளியில் அந்த மூன்று விரல் இருக்கிறது. உங்கள் அழகுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் இடம் இன்னொருவன் நடக்கிற இடம். என் கோபம் அதுதான்.

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. வீல் மாற்றியே ஆக வேண்டும் என்றால் சின்ன ரிம் பக்கம் போங்கள். 265/65 ஆர் 17 டயரின் விட்டம் 776. கம்பெனி டயரின் 775-க்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பக்கச்சுவர் மட்டும் 159-லிருந்து 172 ஆகிறது. குழியில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள 13 மி.மீ. கூடுதல் ரப்பர். 17 அங்குல ரிம் பிரேக் காலிப்பரில் இடிக்காமல் உட்காருகிறதா என்று மட்டும் மாட்டிப் பாருங்கள். இதையே “ஷோ”வுக்காக 20 அங்குலம் போட்டு 265/50 ஆர் 20 வாங்கினால் பக்கச்சுவர் 132-தான். ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறினால் ரிம் வளையும். வி-கிராஸ்காரர்கள் 255/60 ஆர் 18-க்குப் பதில் 265/60 ஆர் 18 போட்டால் விட்டம் 12 மி.மீ.தான் கூடும், ஒன்றரை சதவீதம். டயர் தேயும்போது இவ்வளவு மாறத்தான் செய்யும்.

பொதுவாக நான் சொல்லும் எல்லை இது: விட்டம் 3 சதவீதத்துக்குள், ஆஃப்செட் கம்பெனி எண்ணிலிருந்து 10 மி.மீ.க்குள், சுமை எண் குறையவே கூடாது, டயர் மட்கார்டுக்குள் அடங்க வேண்டும். கம்பெனி அதே மாடலின் வேறு வேரியன்டுக்குக் கொடுக்கும் அளவு கிடைத்தால் அதுவே உத்தமம். 6 போல்ட், பிசிடி 139.7 ஒத்துப்போகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். ஹைலக்ஸுக்கும் வி-கிராஸுக்கும் அது ஒன்றுதான், நடுத்துளை வேறு. நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். நட்டும் அந்த ரிம்முக்கு உரிய நட்டாக இருக்க வேண்டும். ஸ்பேசர் வைத்துச் சமாளிக்கிறேன் என்று யாராவது சொன்னால், அதுவும் ஆஃப்செட்டைக் குறைப்பதுதான் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனால் ரிம்மின் அகலம், ஆஃப்செட், நடுத்துளை, டயரின் சுமை எண் என்று நாலு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாமல் “ஒண்ணும் ஆகாது” என்கிறவர் கடையில் காற்றுகூட அடிக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வண்டிக்குப் போய்ப் பழைய வீலிலும் புது வீலிலும் உள்ள எண்களை எழுதி, வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கீழே கமெண்டில் போடுங்கள். தப்பு இருந்தால் திருத்தித் தருகிறேன். கணக்கு சரியாக வந்து விடை பயமாக இருந்தால், பரணிலிருந்து கம்பெனி வீலை இறக்குங்கள்.

பத்திரமாக ஓட்டுங்கள். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.