சென்சார் இருக்கட்டும், முதல்ல ஓட்டை போடுங்க

கம்போஸ்ட் ப்ராஜெக்ட்னு சொன்னாலே நமக்கு ஆர்டுயினோ, ஈரப்பத சென்சார், மொபைல் ஆப்தான் ஞாபகம் வருது. நானும் அதே கேஸ்தான். போன வருஷம் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ல மெஸ் காய்கறித் தோலைக் கொட்டி, சென்சாரை வச்சு, மூடியை இறுக்கி மூடினேன். பத்தே நாள்ல அழுகின முட்டை நாத்தம். வார்டன் பக்கெட்டைத் தூக்கி வெளியே போடச் சொல்லிட்டார். ஆப்ல மட்டும் கிராஃப் அழகா ஓடிட்டிருந்தது.

விஷயம் ரொம்ப சிம்பிள். காத்து இல்லாத இடத்துல வளர்ற பாக்டீரியா வேற. அதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கிளப்பும். அதனால அடியிலயும் சுத்தியும் டிரில்லால ஓட்டை போடுங்க. நடுவுல, துளை போட்ட பிவிசி பைப் ஒண்ணை நிறுத்துங்க. ஒரு பங்கு தோலுக்கு ரெண்டு பங்கு காஞ்ச இலை. அதைத் தேடி அலைய வேண்டாம், தினமும் கேம்பஸ்ல கூட்டி எரிக்கிறாங்களே, அதேதான்! வாரம் ரெண்டு தடவை கிளறணும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டுதான் வரணும். சென்சார் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான்.

"இதுல இன்ஜினியரிங் எங்கப்பா?"ன்னு ரிவ்யூல கேட்டாங்க. காத்து எப்படி உள்ளே போகும், தண்ணி எப்படி வடியும்னு யோசிக்கிறது வேற என்னவாம்? மார்க் குறைஞ்சதுல எனக்கு இன்னும் கடுப்புதான்.

மூணு மாசத்துல உரம் ரெடி. அதை மண்ணோட கலந்து, ஓட்டை போட்ட இன்னொரு பக்கெட்ல மிளகாய் வச்சேன். இப்போ மெஸ் அண்ணன் கேக்காமலேயே பறிச்சுட்டுப் போறார்.