டீக்கடை பெஞ்சும் எடிசன் பல்பும்

சென்னை கஃபேக்களின் இப்போதைய மோஸ்தர் 'கிராமத்து டீக்கடை'. அரிக்கேன் விளக்கு, மர பெஞ்ச், கண்ணாடி கிளாஸ், சுவரில் செங்கல் மாதிரி டைல்ஸ், மேலே எடிசன் பல்பு. உலக நகரங்களின் கஃபேக்களுக்கெல்லாம் ஒரே முகம் வந்துவிட்டதென்று 2016இல் கைல் சாய்கா எழுதி, 'ஏர்ஸ்பேஸ்' என்று பெயரும் வைத்தார். நம்மாட்கள் அதில் கொஞ்சம் மண்வாசனை தெளித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் டைல்ஸ் மேல் இல்லை, அந்த பெஞ்ச் மேல். நான் இளையரசனேந்தல்காரன். எங்கள் தென்மாவட்டங்களில் பல ஊர்களில் டீக்கடை பெஞ்ச் வெறும் மரச்சாமானாக இருந்ததில்லை. யார் உட்காரலாம், யார் நின்றுதான் குடிக்கணும், யாருக்கு எந்த கிளாஸ் என்பதெல்லாம் அங்கே முடிவானது. இரட்டைக் குவளை என்று அதற்குப் பெயர். 1957இல் சென்னை முரளி கஃபே முன்னால் பெரியார் தொண்டர்கள் மறியல் செய்தது 'பிராமணாள்' என்ற ஒரு வார்த்தைக்காக. பெயர்ப்பலகையும் டிசைன்தான் பாஸ்.

'அழகுக்கு வைத்ததுப்பா' என்பீர்கள். சரி, அழகையே பேசுவோம். திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸைப் பாருங்கள். சுழன்று ஏறும் ஒரே சாய்தளம், காற்று வர ஓட்டை விட்ட செங்கல் சுவர், கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய மேசையும் இருக்கையும். யார் வந்தாலும் அதே இருக்கைதான். நடத்துவது தொழிலாளர் கூட்டுறவு.

பெஞ்ச் வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வாசலில் பார்சலுக்கு நிற்கும் டெலிவரி பையன் அதில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியுமா? முடியாதென்றால் அது அதே பழைய பெஞ்ச்தான். விலைப்பட்டியல் மட்டும்தான் புதுசு.