ஆறுமணிக் குருவியும் தோப்புச் சருகும்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கு ஒரு சிறு விருந்தாளி வந்து சேருகிறது. வைகறையிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரட்டைச் சீழ்க்கை போன்று குரல் கொடுப்பதால் ஜனங்கள் இதனை ஆறுமணிக் குருவி என்பர். குரலைக் கேட்டவர் பலர். பறவையைக் கண்டவர் சிலரே.

இது மைனாவினும் சிறியது; வால் மிகக் குட்டை. முதுகு பச்சை, மார்பு வெளிர்மஞ்சள், தொண்டை வெண்மை, அடிவயிறு குங்குமச் சிவப்பு. கண்ணின் குறுக்கே அகன்ற கறுப்புப் பட்டையும் சிறகில் நீலமும் உண்டு. இத்தனை நிறமிருந்தும் நிழலில் நின்றால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காண விரும்புவோர் துரத்திச் செல்லலாகாது. விடியற்காலையில் மரத்தடியில் அசையாதமர்ந்து, சருகு புரளும் ஓசையைக் கவனித்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் இப்பறவை, பனிக்காலத்தைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் கழித்துச் சித்திரை வாக்கில் வடக்கே மீளுகிறது. இதன் இரை பெரும்பாலும் தரையிலேயே உள்ளது. சருகைப் புரட்டிப் புழு, வண்டு, எறும்பு, கறையான் முதலியவற்றைத் தின்னும். மண்புழுவையும் தின்னுமாதலால், இஃதொன்றே பயிர்ப் பூச்சிகளை ஒழித்துவிடும் என்பது மிகையாகும். எனினும் இதற்கு வேண்டிய சருகே தோப்புக்கும் வேண்டியதென்பதை மறுப்பதற்கில்லை.

தோப்பைப் பெருக்கிச் சருகைக் கொளுத்துவதே சுத்தம் என்று குடியானவர் பலர் கருதுகின்றனர். இது நஷ்டமான சுத்தம். சருகு மட்கினால் எருவாகும். மட்கும் வரையில் மண்ணின் ஈரத்தைக் காக்கும். எரித்தால் அவ்விரு நன்மையும் போய், பறவையின் இரையும் போகிறது.

பாம்புக்கும் தீக்கும் அஞ்சுவது நியாயமே. ஆகையால் வீடு, களம், பாதை இவற்றையொட்டிப் பெருக்கிவிட்டு, தோப்பின் உட்புறத்தையும் வேலியடிப் புதரையும் சித்திரை முடியும்வரை விட்டுவைக்கலாம். புறம்போக்குத் தோப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் கிராம அதிகாரிகள் இம்முறையைக் கையாளுவது நலம். செலவு யாதுமில்லை.

இரவில் நெடுந்தூரம் பறந்து களைத்த குருவி சில சமயம் வீட்டுக்குள் விழுவதுண்டு. அதனைக் கூண்டிலடைத்தல் தகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமுமாகும். காற்றோட்டமுள்ள கூடையால் மூடி, அமைதியான இடத்தில் வைத்து, களைப்புத் தீர்ந்தபின் தோப்பில் விடுவதே முறை.

அடுத்த ஐப்பசியில் அக்குரல் கேட்பதும் கேளாதிருப்பதும் தோப்புடையவர் கையிலுள்ள துடைப்பத்தையும் தீக்குச்சியையும் பெரிதும் பொறுத்தவை.